அறுவடையும் காப்பீடும்: 25 சதுர மீட்டரில் தீரும் கணக்கு

வாசகியின் கேள்வி:

"மன்னார்குடிக்கு அருகே உள்ள கிராமத்தில் பத்து மா நிலத்தில் சம்பா நட்டிருக்கிறேன். கணவர் காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அதிலிருந்து சாகுபடியை நானே பார்த்துக்கொள்கிறேன். பட்டா இன்னும் காலஞ்சென்ற என் மாமனார், அவருடைய தம்பி இருவர் பெயரிலும் கூட்டுப் பட்டாவாகவே இருக்கிறது. நவம்பரில் பொது சேவை மையத்தில் பிரீமியம் கட்டி ரசீது வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் மூன்று வாரத்தில் அறுவடை. அதிகாரிகள் வந்து பார்க்கும் வரை அறுக்காமல் காத்திருக்க வேண்டுமா? சென்ற ஆண்டு வாய்க்காலுக்கு அக்கரையில் இருப்பவர்களுக்கு இழப்பீடு வந்தது, எங்களுக்கு வரவில்லை. ஏன்? கொள்முதல் நிலையத்தில் கொட்டிவைத்த நெல் மழையில் நனைந்தால் காப்பீடு கிடைக்குமா? அறுவடைக்கு முன் எந்தெந்தக் காகிதங்களைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும்?"

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். உங்கள் வயல் பயிர் அறுவடைப் பரிசோதனைக்குத் தேர்வான வயலாக இல்லாவிட்டால், யாரும் வந்து பார்க்கும் வரை நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை. கதிர் முற்றி இயந்திரம் கிடைத்த நாளில் அறுத்துக்கொள்ளலாம், அதனால் உங்கள் காப்பீட்டுக்கு எந்தக் குறையும் வராது. தேர்வான வயலாக இருந்தால் மட்டும் பரிசோதனை முடியும் வரை அந்தச் சர்வே எண்ணில் அரிவாளோ இயந்திரமோ இறங்கக் கூடாது. மற்ற கேள்விகளுக்கான விடைகளும் பெரும்பாலும் இந்தப் பரிசோதனையைச் சுற்றியே இருப்பதால், அதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

2016 முதல் நடைமுறையில் இருக்கும் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம், அடிப்படையில், தனி ஒருவரின் வயலை அளந்து பணம் தரும் திட்டம் அன்று. நம் பகுதியில் சம்பா நெல்லுக்கு வருவாய் கிராமம்தான் காப்பீட்டு அலகு. அந்தக் கிராமத்தில் குறைந்தது நான்கு இடங்களில் பயிரை அறுத்து எடைபோட்டு (பயிர் அறுவடைப் பரிசோதனை என்பது இதுதான்), பெரும்பாலும் அதிலிருந்து கிராமத்தின் சராசரி மகசூலைக் கணக்கிட்டு, அந்தச் சராசரி எவ்வளவு குறைந்திருக்கிறதோ அந்த விகிதத்தில் காப்பீடு செய்த அனைவருக்கும் இழப்பீடு தருகிறார்கள். உங்கள் பத்து மாவும் பதராகிப்போய் ஊரின் மற்ற வயல்கள் நன்றாக விளைந்திருந்தால், மகசூல் கணக்கில் உங்களுக்கு ஒரு ரூபாயும் வராது. மாறாக, உங்கள் வயல் மட்டும் தப்பித்து ஊரின் சராசரி சரிந்திருந்தால், நல்ல மகசூல் எடுத்த உங்கள் கணக்கிலும் பணம் வந்து விழும். இது நியாயமா என்று கூட்டந்தோறும் கேட்கிறார்கள். லட்சக்கணக்கான வயல்களில் ஒவ்வொன்றாக இறங்கி அளக்க ஆள் இல்லை என்பதே இதற்கான நேர்மையான பதில். அதில் எனக்கும் முழுத் திருப்தி கிடையாது.

கணக்கு இப்படிப் போகிறது. கடந்த ஏழு ஆண்டு மகசூலில் நல்ல ஐந்து ஆண்டுகளின் சராசரியை எடுத்து, அதை 70, 80, 90 ஆகிய விழுக்காடுகளில் அப்பயிருக்கு அறிவிக்கப்பட்ட ஒன்றால் பெருக்கினால் வருவது உத்தரவாத மகசூல். பரிசோதனையில் கிடைத்த சராசரி அதைவிடக் குறைந்தால், குறைந்த பங்கு காப்பீட்டுத் தொகையில் எவ்வளவோ அதுவே இழப்பீடு. பரிசோதனைத் திடல் ஐந்துக்கு ஐந்து மீட்டர், அதாவது 25 சதுர மீட்டர். அதில் கிடைக்கும் நெல்லின் எடையை 400 ஆல் பெருக்கினால் ஹெக்டேர் மகசூல் வந்துவிடும். ஓர் எடுத்துக்காட்டுக்காக, திடல் எடை மட்டுமே கணக்கில் வருகிறது என்றும், உங்கள் கிராமத்தின் உத்தரவாத மகசூல் ஹெக்டேருக்கு 4,000 கிலோ என்றும், காப்பீட்டுத் தொகை ஏக்கருக்கு 36,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம், 1.5 விழுக்காட்டின்படி நீங்கள் கட்டியது ஏக்கருக்கு 540 ரூபாய். திடல்களின் சராசரி 10 கிலோ என்றால் இழப்பீடு இல்லை. 9 கிலோ என்றால் ஏக்கருக்கு 3,600 ரூபாய், 8 கிலோ என்றால் 7,200 ரூபாய். நான்கு திடல்களில் ஒரே ஒரு திடலில் ஒரு கிலோ தவறாக நிறுக்கப்பட்டாலும் சராசரி கால் கிலோ மாறும். அதனால் ஏக்கருக்கு 900 ரூபாய் ஏறும் அல்லது இறங்கும். ஊரில் 500 ஏக்கர் காப்பீடு செய்யப்பட்டிருந்தால் அந்த ஒரு கிலோவின் விலை நாலரை லட்சம் ரூபாய்.

எனவே அறுவடை நேரத்தில் நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, உங்கள் கிராமத்தில் எந்தெந்தச் சர்வே எண்கள் தேர்வாகியிருக்கின்றன என்பதுதான். கிராம நிர்வாக அலுவலரிடமோ உதவி வேளாண்மை அலுவலரிடமோ கேட்டால் சொல்வார்கள்; மறைத்து வைக்கும் செய்தி அன்று அது. தேர்வு சமவாய்ப்பு எண்களைக் கொண்டு நடப்பதால், நல்ல வயலையோ கெட்ட வயலையோ யாரும் விருப்பப்படி பொறுக்க முடியாது. பொறுக்குவதாகச் சந்தேகம் எழுந்தால் எந்த எண்கள் வந்தன என்று காட்டும்படி கேட்கலாம். வயலுக்குள்ளும் அப்படியே: தென்மேற்கு மூலையில் நின்று, கொடுக்கப்பட்ட எண்களின்படி நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அடி எடுத்து வைத்து, போய்ச் சேர்ந்த இடத்தில் முதல் முளையை அடிக்க வேண்டும். வரப்பில் நின்றுகொண்டு "இந்த இடம் போதும்" என்று கையைக் காட்டுவது பரிசோதனை ஆகாது.

முளை அடித்துக் கயிறு கட்டியபின் ஒரு காரியம் செய்யுங்கள். மூலைக்கு மூலை குறுக்கே அளந்து பாருங்கள். இரண்டு குறுக்களவும் 7.07 மீட்டர் இருக்க வேண்டும். நான்கு பக்கமும் ஐந்தைந்து மீட்டராக இருந்தும் கோணம் சாய்ந்திருந்தால் உள்ளே அடங்கும் பரப்பு குறைந்துவிடும், அதை வெறுங்கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. கயிற்றின் மேல் விழும் தூர்களில் பாதிக்கு மேல் உள்ளே இருப்பவற்றை மட்டும் சேர்த்து அறுப்பது முறை. சாய்ந்து கிடக்கும் பயிரானால், கதிர் எந்தப் பக்கம் கிடக்கிறது என்று பார்க்கக் கூடாது, தூர் எங்கே இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். இந்த இடத்தில்தான் சண்டை வரும். அறுத்ததை அங்கேயே தார்ப்பாயில் அடித்துத் தூற்றி, தராசு வெறுமையாக இருக்கும்போது சுழியம் காட்டுகிறதா என்று எல்லோரும் பார்த்தபின் நிறுக்க வேண்டும். தை மாதப் பனியில் காலை எட்டு மணிக்கு அறுத்த நெல்லுக்கும் மதியம் அறுத்த நெல்லுக்கும் ஈரத்தில் வேறுபாடு உண்டு. ஈர எடையை உலர்ந்த எடைக்கு மாற்றிக் கணக்கிடுவது நடைமுறை என்பதால், ஈரம் குறிக்கப்பட்டதா என்று கேளுங்கள். இவையெல்லாம் செயலியில் படத்தோடும் இடக்குறிப்போடும் பதிவாகின்றன. காப்பீட்டு நிறுவனத்தின் ஆளும் உடனிருப்பார். ஊர்க்காரர் இரண்டு மூன்று பேர் அமைதியாக நின்று கவனித்தாலே வேலை ஒழுங்காக நடக்கும். எடையைக் குறைத்துப் போடச் சொல்லி வற்புறுத்துவது மட்டும் வேண்டாம். அந்தப் பதிவு மறுக்கப்பட்டால் ஊர் முழுவதும் மாதக்கணக்கில் காத்துக் கிடக்க நேரும்.

தேர்வான வயல் உங்களுடையதாகவோ உங்கள் பங்காளிகளுடையதாகவோ இருந்தால், அறுவடை நாளை நான்கைந்து நாள் முன்னதாகவே அலுவலரிடம் சொல்லிவிடுங்கள். நான் பணியில் இருந்த காலத்தில் ஒரு கிராமத்தில் காலை ஏழு மணிக்குக் கயிறும் முளையும் தராசுமாகப் போய் இறங்கினோம். வயலில் தாள் மட்டும் நின்றது. பக்கத்து ஊரிலிருந்து பெல்ட் வைத்த அறுவடை இயந்திரம் முந்தைய நாள் இரவு வந்திருக்கிறது, இனிமேல் போனால் பத்து நாள் ஆகும் என்று ஓட்டுநர் சொல்லியிருக்கிறார், விவசாயி விளக்கு வெளிச்சத்தில் அறுத்துவிட்டார். அவர் மேல் தவறு சொல்ல எனக்கு மனம் வரவில்லை; மழை கூடிக்கொண்டிருந்தது, இயந்திரம் நம் வசதிக்கு வருவதுமில்லை. ஆனால் முன்தினம் மாலை ஒரு தொலைபேசி அழைப்பு வந்திருந்தால் இரவிலேயே போய்த் திடலைப் பிரித்து வைத்திருப்போம்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வாய்க்காலுக்கு அக்கரை என்பது பெரும்பாலும் வேறொரு வருவாய் கிராமமாக இருக்கும். அங்கே எடுத்த திடல்களின் சராசரி வேறு, உத்தரவாத மகசூலும் வேறு. அக்கரையில் மழை அதிகமாகப் பெய்யவில்லையே, சேதமும் இதே அளவுதானே என்ற வாதம் இதில் எடுபடாது. ஆனால் உங்கள் ஊரிலேயே மற்றவர்களுக்கு வந்து உங்களுக்கு மட்டும் வராமல் போயிருந்தால், காரணம் வேறு. அது அநேகமாக ரசீதில் இருக்கும். நம் பக்கம் ஒரே பெயரில் மேல, கீழ, வடக்கு, தெற்கு என்று முன்னொட்டு மட்டும் மாறும் கிராமங்கள் நிறைய உண்டு. கடைசித் தேதிக்கு முந்தைய நாள் கூட்டத்தில், கணினியில் பட்டியலிலிருந்து கிராமத்தைத் தேர்ந்தெடுப்பவர் ஒரு வரி மேலேயோ கீழேயோ தொட்டுவிட்டால், உங்கள் நிலம் காகிதத்தில் வேறு ஊருக்குப் போய்விடும்; அந்த ஊரின் சராசரிதான் உங்கள் தலைவிதி.

ஆகவே இன்று மாலையே ரசீதை எடுத்து, அடங்கலை (கிராமத்தின் சாகுபடிப் பதிவேட்டின் நகல்) பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாக ஒப்பிடுங்கள். வருவாய் கிராமத்தின் முழுப் பெயர், சர்வே எண், அதன் உட்பிரிவு, பயிர் ஆகியவை ஒத்துப்போக வேண்டும். பயிரின் பெயர் மாநில அரசின் காப்பீட்டு அறிவிக்கையில் 'நெல் இரண்டு' என்று இருக்கும், சம்பாவும் தாளடியும் அதில் அடக்கம். நவரைப் பருவ நெல்லுக்கு உரிய 'நெல் மூன்று' என்று பதிவாகியிருந்தால் சிக்கல். பரப்பளவைத் தனியாகப் பாருங்கள். நீங்கள் மா கணக்கில் எழுதியிருக்கிறீர்கள், நம் ஊர் வழக்கம் அதுதான். ஆனால் ரசீதில் ஹெக்டேரில் இருக்கும். உங்கள் பத்து மா ஏறக்குறைய 3.33 ஏக்கர், அதாவது 1.35 ஹெக்டேர். சாகுபடி செய்ததைவிட அதிகப் பரப்பு காப்பீடு செய்யப்பட்டிருந்தால் இழப்பீட்டை அதற்கேற்பக் குறைப்பதற்குத் திட்டத்தில் இடமுண்டு. ஊரில் பலர் அப்படிக் கூட்டிப் பதிந்திருந்தால் சரியாகப் பதிந்தவருக்கும் குறையும்.

உங்கள் விஷயத்தில் நான் அதிகம் கவலைப்படுவது கூட்டுப் பட்டாவைப் பற்றித்தான். பட்டா உங்கள் பெயரில் இல்லை என்பதே ஒரு தடை ஆகாது. அடங்கலில் சாகுபடி செய்பவராக உங்கள் பெயர் இருந்து, கிராம நிர்வாக அலுவலரின் விதைப்புச் சான்றும் உங்கள் பெயரில் இருந்தால் போதுமான பிடிமானம் உண்டு. ஆனால் உங்கள் சின்ன மாமனார் கூட்டுறவு கடன் சங்கத்தில் பயிர்க் கடன் வாங்கியிருந்து, அங்கே அதே சர்வே எண் முழுவதற்கும் பிரீமியம் கட்டப்பட்டிருந்தால், ஒரே நிலத்துக்கு இரண்டு காப்பீடு என்று ஆகி, உங்கள் விண்ணப்பம் தள்ளுபடி ஆகலாம். 2020 முதல் கடன் வாங்கியவர்களுக்கும் காப்பீடு கட்டாயமில்லை என்றாலும், பலர் சங்கத்திலேயே சேர்ந்துவிடுகிறார்கள். எனவே அவரிடம் நேரில் கேட்டு, யார் எந்த உட்பிரிவுக்கு எவ்வளவு பரப்பைப் பதிந்திருக்கிறீர்கள் என்று பார்த்துவிடுங்கள். தவறு எதையாவது கண்டால் வாயால் சொல்லி நிறுத்திக்கொள்ளாமல், வட்டார வேளாண்மை உதவி இயக்குநருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் மனு எழுதி, நகலில் கையொப்பமும் முத்திரையும் வாங்கி வையுங்கள். அறுவடை முடிந்து எடை பதிவானபின் கொடுக்கும் மனுவைவிட, அதற்கு முன் கொடுத்த மனுவுக்கு மதிப்பு அதிகம். அது தீராவிட்டால் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குறைதீர்ப்புக் குழுவுக்கு எடுத்துச் செல்லலாம். மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுக்கலாம். வாரிசு அடிப்படையில் பட்டா மாறுதலுக்கும் இந்தக் கோடையிலாவது மனுப் போட்டுவிடுங்கள்.

வங்கிக் கணக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: கணக்கு உங்கள் பெயரில், ஆதார் இணைக்கப்பட்டு, இயங்கும் நிலையில் இருக்க வேண்டும். 2020 இல் பொதுத்துறை வங்கிகள் சில இணைக்கப்பட்டபின் கிளைக் குறியீடுகள் மாறின. பழைய பாஸ் புத்தகத்தின் குறியீட்டைப் பார்த்துப் பதிந்திருந்தால் பணம் திரும்பிப் போகும். வங்கிக்குப் போகும் நாளில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி மழை. அறுவடைக்குப் பிந்தைய இழப்புக்கு இத்திட்டத்தில் தனிப்பிரிவு உண்டு. அது கிராமச் சராசரியைப் பார்க்காமல் உங்கள் வயலையே பார்க்கும். அறுத்த பயிரை உலர்வதற்காக வயலிலேயே பரப்பியோ சிறு கட்டுகளாகக் கட்டியோ வைத்திருக்கும்போது, அறுத்ததிலிருந்து 14 நாட்களுக்குள் புயல், புயல் மழை, பருவம் தவறிய மழை, ஆலங்கட்டி மழை ஆகியவற்றால் சேதமானால் இழப்பீடு கோரலாம். சேதமான 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்: 14447 என்ற கட்டணமில்லா எண், பயிர்க் காப்பீட்டுச் செயலி, காப்பீட்டு நிறுவனம், வங்கி, வேளாண்மை அலுவலகம் ஆகிய ஏதேனும் ஒரு வழியில். தொலைபேசியில் சொன்னால் அவர்கள் தரும் பதிவு எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் நீங்கள் அழைத்ததற்கு வேறு சாட்சி இல்லை. இதுபோன்ற கூடுதல் பாதுகாப்புகளை எந்தப் பருவத்துக்கு, எந்தப் பயிருக்கு என்று மாநில அரசுதான் தேர்ந்தெடுத்து அறிவிக்கிறது என்பதால், இந்தப் பருவத்தின் அறிவிக்கையில் அது இருக்கிறதா என்று வேளாண்மை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

ஆனால், சகோதரி, கொள்முதல் நிலையத்தில் கொட்டிவைத்த நெல்லுக்கு இது பொருந்தாது. மேலே சொன்ன விதியின் சொற்களைப் பாருங்கள்: வயலில் பரப்பிய அல்லது கட்டிவைத்த பயிர். அரிவாளால் அறுத்து, அரி போட்டு, இரண்டு நாள் காயவிட்டுக் கட்டித் தூக்கிய காலத்துக்கு எழுதியதுபோல் இருக்கிறது அது. இன்று இயந்திரம் வயலிலேயே நெல்லைப் பிரித்து டிராக்டரில் கொட்டிவிடுகிறது. உலர்த்துவதற்கு வயலில் எதுவும் மிஞ்சுவதில்லை. நெல் களத்துக்கோ நேரடி கொள்முதல் நிலையத்தின் வாசலுக்கோ போனவுடன் பயிர்க் காப்பீட்டின் எல்லை முடிந்துவிடுகிறது. டெல்டாவில் பலர் இதை அறியாமல், நனைந்த குவியலின் முன் நின்று 14447 ஐ அழைக்கிறார்கள். அங்கே உங்களைக் காப்பாற்றக்கூடியவை தார்ப்பாயும் கொள்முதலுக்கான முன்பதிவும்தான். ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது கொள்முதல் விதி. அந்த ஈரத்துக்குக் கீழே வருவதற்குள் அறுத்துக் கொண்டுபோய்க் குவித்தால் காத்திருப்பு நீளும், மழைக்கு வாய்ப்பும் நீளும். நிலையத்தில் எத்தனை நாள் வரிசை நிற்கிறது என்று கேட்டுவிட்டு இயந்திரத்துக்குச் சொல்லுங்கள்.

அறுக்காமல் நிற்கும் பயிர் நீரில் மூழ்கினால் என்ன என்று அடுத்து கேட்பீர்கள். நெல்லுக்குத் தனி வயல் அளவில் நீர் தேங்கிய சேதத்தைக் கோரும் வசதி 2018 இல் நீக்கப்பட்டது. 2026 காரிப் (தென்மேற்குப் பருவமழைக் காலச் சாகுபடி) பருவம் முதல் அதை மீண்டும் சேர்ப்பதாக மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. அந்த வசதி இல்லாத பருவத்தில் மூழ்கிய வயலின் சேதம் கிராமச் சராசரியின் வழியாகவே தெரியவரும். இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று அரசின் நிவாரணம். 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் அறுவடைக்கு நின்ற சம்பா மழையில் சாய்ந்தபோது தமிழக அரசு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் அறிவித்தது நினைவிருக்கலாம். அது பேரிடர் நிவாரணம், 33 விழுக்காட்டுக்கு மேல் சேதமான வயலுக்கு உரியது, காப்பீடு செய்தவர் செய்யாதவர் என்று பார்க்காதது. அதற்கான கணக்கெடுப்பு வேறு, பரிசோதனைத் திடல் வேறு. கணக்கெடுப்பில் பெயர் எழுதிக்கொண்டு போனார்கள், ஆகவே காப்பீடு வந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள்.

ஒன்றை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்னால், மண் மெழுகுபதத்தில் இருக்கும்போது நீங்களும் உளுந்து தெளிப்பீர்கள் என்று நினைக்கிறேன். சம்பாவுக்குக் கட்டிய பிரீமியம் உளுந்தைக் காக்காது. நெல் தரிசு உளுந்துக்குத் தனி விண்ணப்பம், தனிக் கடைசித் தேதி, தனி விதைப்புச் சான்று. நெல்லுக்கு ஏறக்குறைய ஏட்டளவில் நிற்கும் அந்த 14 நாள் பாதுகாப்பு உளுந்துக்குத்தான் உண்மையில் பயன்படும், ஏனென்றால் உளுந்தை இன்றும் கையால் பறித்து வயலிலேயே போட்டுக் காயவைக்கிறோம், அந்த வேளையில்தான் கோடை மழை வந்து காயை முளைக்க வைக்கிறது. அறிவிக்கையில் அது உளுந்துக்கு உண்டா என்று கேட்டுக்கொண்டு, பறித்துப் போட்ட அன்றே இடக்குறிப்பும் தேதியும் விழும்படி கைப்பேசியில் இரண்டு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.